மாத்திரை குறைந்த எழுத்து: ஒரு மரபணுவின் மதுரை வரலாறு

தமிழில் புற்றுநோய்க்கு விழிப்புணர்வு உண்டு, வரலாறு கிடையாது. துண்டறிக்கைகள், ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதிவைத்த அறிகுறிகள், வார இதழ்களின் மருத்துவப் பக்கங்கள் என்று ஒரு பெருங்குவியல் நம்மிடம் சேர்ந்திருக்கிறது. எல்லாமே 'வராமல் தடுப்பது எப்படி' என்று தொடங்கி 'உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்பதில் முடிந்துவிடுகின்றன. இந்த நோய் பற்றிய அறிவு எப்படி உருவானது, எந்தச் சொற்களைக் கொண்டு கட்டப்பட்டது, அந்தச் சொற்கள் யார் தலையில் பழியைச் சுமத்தின என்றெல்லாம் கேட்க அங்கே இடமில்லை. விஞ்ஞானம் தெரிந்தவர்களுக்கு இது வேண்டாத வேலை. இலக்கியம் தெரிந்தவர்களுக்குச் சம்பந்தமில்லாத வேலை. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், சோதனைக்கூடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. ஆனால் மரபணு என்பது எழுத்துகளின் வரிசை, அது படியெடுக்கப்படுகிறது, மொழிபெயர்க்கப்படுகிறது, திருத்தப்படுகிறது என்று உயிரியல்காரர்களே சொல்லிக்கொண்டிருக்கும்போது, பாடபேதம் பார்த்துப் பழகியவனுக்கு அங்கே நுழைய ஒரு கதவு திறந்துதான் கிடக்கிறது.

எடுத்துக்கொள்வது ஒரே ஒரு மரபணுவின் கதையை. ஆர்பி1 என்று அதற்குப் பெயர். குழந்தைகளின் விழித்திரையில் வரும் 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்ற புற்றின் பெயரைச் சுருக்கி வைத்தது. 1986இல் பாஸ்டன் பக்கத்து ஆய்வுக்கூடங்களில் அதைப் பிரித்தெடுத்தார்கள். கட்டி உண்டாகாமல் தடுத்துவைக்கும் மரபணு என்று முதன்முதலாகக் கையில் அகப்பட்டது இதுதான். இந்தக் கதை நம் பக்கத்தில் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனை. இன்னொன்று, 1985 வரைக்கும் மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்கள்.

முதலில் கண். கைக்குழந்தையின் கருமணிக்குள் வெளிச்சம் படும்போது வெள்ளையாக ஒன்று மின்னும். 'பூனைக்கண்ணு மாதிரியில்ல இருக்கு' என்று பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரியோ சொல்வார்கள். வெளிறிய நிறமுள்ள கண்ணுக்கும் நம்மிடம் இதே சொல்தான். அதனால் அந்தச் சொல்லே ஆபத்தை மறைத்துவிடுவதும் உண்டு. பிள்ளைக்குப் பூனைக்கண் என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிற நோய் இது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,500 குழந்தைகள் என்று மதிப்பிடுகிறார்கள். சீக்கிரம் கொண்டுவந்தால் உயிரோடு பார்வையையும் காப்பாற்றலாம். கண் பிதுங்கிய பிறகு வந்தால், கண்ணையே எடுத்தாலும் உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. கண்ணை எடுக்க வேண்டும் என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்களை அறியாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எளிது. 'ஒத்தக் கண்ணோட பொம்பளப் பிள்ளைய வளத்து யார்ட்ட குடுக்க' என்ற கேள்விக்குப் பதில் மருத்துவத்தில் இல்லை.

அரவிந்த் மருத்துவமனை, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்புரை அறுவையின் எண்ணிக்கைக்காகவே உலகம் அதை அறியும். மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாகவும் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. அதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்பி1 மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கிறார்கள். இந்தியக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் செலவில், எந்தச் சோதனையை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று படிமுறை ஒன்றை வகுத்து 2015இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அதை எழுதியவர்களில் ஒருவர் பேராசிரியர் முத்துக்கருப்பன். காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் கற்பித்தவர். எலியின் கருவிழியில் புதிய இரத்தக்குழாய்கள் வளர்வது பற்றி 1979இல் ராபர்ட் ஆர்பாக்குடன் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதியவர். நாகமலை அடிவாரத்திலிருந்து அப்படி ஒரு கட்டுரைக்குப் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நம் அறிவு வரலாறுகளில் ஒரு வரிகூட இல்லை என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

இந்த நோய் வந்த வீட்டில் ஒரு கேள்வி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும்: 'யாரு பக்கத்துல இருந்து வந்துச்சு?' தாய்மாமனைக் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதும் வழக்கமாக இருந்துவரும் நம் சமவெளியில் 'சொந்தத்துல கட்டுனா இப்பிடித்தான்' என்ற பதிலும் கையோடு வந்துவிடுகிறது. அதோடு நிற்காமல் பழி மெல்லப் பெண்ணின் பக்கம் சாயும். சுமந்தவள் அவள்தானே. மாமியார் சாமி குத்தம் என்பாள், படித்த மச்சினன் 'ஜீன்' என்பான். இருவர் சொல்வதும் ஒன்றுதான்.

ஆனால் மரபியல் சொல்வது அது இல்லை. சொந்தத்தில் மணப்பதால் கூடுகிற நோய்கள் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படுகிறவை அவை. ஆர்பி1 அந்த வகையைச் சேர்ந்ததில்லை. ஒரு பக்கத்திலிருந்து ஒரு பழுதான படி வந்தாலே போதும், அந்நியத்தில் கட்டியவர்கள் பிள்ளைக்கும் அது அப்படியே வரும். 1971இல் ஹூஸ்டன் நகரில் ஆல்ஃப்ரெட் நட்சன் என்பவர் 48 நோயாளிகளின் ஏடுகளை வைத்துக்கொண்டு, எந்த வயதில் நோய் வந்தது, ஒரு கண்ணிலா இரண்டு கண்ணிலா என்று கணக்குப் போட்டு, 'இரண்டு அடி' என்ற கருதுகோளைச் சொன்னார். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படியாக இருக்கிறது. இரண்டும் கெட்டால்தான் கட்டி. பிறவியிலேயே ஒரு படியில் அடி விழுந்திருந்தால் இரண்டாவது அடி எளிதில் விழும். இரண்டு கண்ணிலும், சின்ன வயதிலேயே. இல்லையென்றால் இரண்டு அடியும் ஒரே உயிரணுவில் பிற்பாடு விழ வேண்டும். அதனால் தாமதம், ஒற்றைக் கண். சோதனைக்குழாய் எதுவும் இல்லாமல் காகிதத்தில் நடந்த கண்டுபிடிப்பு இது. சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியன் இங்கே ஓர் அடி விழுந்திருக்கிறது என்று சொல்வது போலத்தான். அடி என்ற சொல் இரண்டு பக்கமும் பொருந்துவது தமிழுக்கு வாய்த்த தற்செயல்.

முதல் அடியோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் குடும்பத்தில் அதற்குமுன் யாருக்கும் இந்நோய் வந்ததில்லை. பழுது அந்தக் குழந்தையிடம் புதிதாக நேர்ந்தது. 1989இல் இன்னொன்றும் தெரிந்தது. அப்படிப் புதிதாக நேரும் பழுதுகள் பெருமளவு தகப்பன் கொடுத்த படியில்தான் இருக்கின்றன. பெற்றவளைக் கூண்டில் ஏற்றிவிட்ட தீர்ப்புக்கு எதிராக இதைவிட வலுவான சாட்சியம் வேண்டியதில்லை. அதற்காக இப்போது தகப்பனைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதுமில்லை. எவனும் தெரிந்து செய்கிற காரியமில்லை அது. யாரோ ஒருவரைக் கூண்டில் ஏற்றியே ஆகவேண்டும் என்கிற இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதே எனக்கு விஷயமாகப்படுகிறது. அதில் பாதி, நோயை விளக்கும் விஞ்ஞானச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

ஆர்பி1 போன்ற மரபணுக்களைத் தமிழில் 'கட்டி அடக்கி' என்கிறார்கள், சிலர் 'ஒடுக்கி' என்கிறார்கள். அடக்குதல், ஒடுக்குதல் என்ற சொற்களை இந்த மண்ணில் யார் யார்மேல் பிரயோகித்தார்கள் என்பது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உடல் ஒரு ஊர், பெருகுகிற உயிரணு ஒரு கலகக்காரன், மரபணு ஒரு போலீஸ்காரன் என்ற சித்திரம் அதற்குள் மடித்துவைக்கப்பட்டிருக்கிறது. 1992இல் டேவிட் லேன், பி53 என்ற இன்னொரு மரபணுவை மரபுத்தொகுதியின் காவலாளி என்று வர்ணித்ததும் சித்திரம் பூர்த்தியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் இந்தப் பி53, 1979இல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து பத்து வருஷம் புற்றைத் தூண்டும் மரபணு என்றே நம்பப்பட்டது. ஆய்வுக்கூடங்களில் கைமாறிக்கொண்டிருந்தவை பழுதான படிகள். 1989இல்தான் அது எதிர்க்கட்சி என்று புரிந்தது. பத்து வருஷம் திருடன் என்று தேடியவனுக்குக் காக்கிச்சட்டை மாட்டிவிட்டார்களே தவிர, திருடன் போலீஸ் ஆட்டத்தைக் கலைக்கவில்லை.

இந்த உருவகத்தில் எனக்குள்ள புகார் அரசியல் ரீதியானது மட்டுமில்லை. அது விஷயத்தையும் கெடுக்கிறது. போலீஸ்காரன் இருக்கிறான் அல்லது இல்லை. 'எவ்வளவு இருக்கிறான்' என்று யாரும் கேட்பதில்லை. நட்சனின் கணக்கும் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு விடைகளோடு நிறைவடைந்துவிட்டது. அளவு என்ற மூன்றாவது கேள்வி ஆர்பி1 குடியிருக்கும் தெருவிலிருந்தே வந்தது.

நம் 13ஆம் குரோமோசோமில் ஆர்பி1 இருக்கும் வட்டாரத்தில், முதியவர்களுக்கு வரும் நாள்பட்ட லிம்போ இரத்தப்புற்றில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். ஆரம்பத்தில் எல்லோருடைய சந்தேகமும் ஆர்பி1 மேல்தான். போய்ப் பார்த்தால் பல நோயாளிகளிடம் ஆர்பி1 பத்திரமாக இருந்தது, தொலைந்தது பக்கத்துத் துண்டு. அந்தத் துண்டில் இருந்த புரத மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வருஷக்கணக்கில் நடந்த விசாரணை. ஒன்றும் தேறவில்லை. 2002இல் ஜார்ஜ் காலின், கார்லோ குரோச்சே குழுவினர் சொன்ன விடை விசித்திரமாக இருந்தது. தொலைந்தவை புரதமே எழுதாத இரண்டு சிறிய மரபணுக்கள். மிர்-15ஏ, மிர்-16-1. ஆர்பி1இலிருந்து சுமார் 15 லட்சம் எழுத்து தள்ளிக் குடியிருப்பவை. அவை தரும் பிரதி 22 எழுத்து அளவே நீளம். அவர்கள் பார்த்த நோயாளிகளில் சுமார் 68 சதவீதத்தினரிடம் இவை தொலைந்தோ குறைந்தோ இருந்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயர் புற்றுநோயோடு சேர்ந்து ஒலித்தது அப்போதுதான்.

இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் கருவிகளின் குறை மட்டுமாக இருக்க முடியாது. 1958இல் ஃபிரான்சிஸ் கிரிக் வகுத்துக்கொடுத்த மையக் கோட்பாட்டின்படி டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம். அந்தப் பாதையில் புரதம்தான் பேசுகிற பாத்திரம், ஆர்.என்.ஏ. தபால்காரன். புரதம் தராத டி.என்.ஏ.க்கு 1972இல் சுசுமு ஓனோ வைத்த பெயர் குப்பை. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மண்புழுவினும் சிறிய ஒரு புழுவில், லின்-4 என்ற துக்கடா ஆர்.என்.ஏ. இன்னொரு மரபணுவின் குரலைத் தணிப்பதைக் காட்டின. ஏழு வருஷம் அது புழுவின் விநோதமாகவே கருதப்பட்டது. 2000இல் லெட்-7 என்ற இன்னொன்று அகப்பட்டு, அது மனிதன் வரைக்கும் பல உயிர்களில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கூட்டம் கூடியது. நோபல் பரிசு 2024இல் வந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'நுண்' என்ற முன்னொட்டைப் பார்த்ததும் நுண் அரசியல், நுண் அதிகாரம், விளிம்பு, மௌனம் என்று நம்மாட்கள் கிளம்பிவிடுவார்கள். ஃபூக்கோவைப் படித்தவர் யாருக்கும் அந்த ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் 22 எழுத்து ஆர்.என்.ஏ. ஒடுக்கப்பட்டவனின் குரல் கிடையாது. பல சமயம் ஒடுக்குவதே அதுதான். விளிம்பில் இருப்பதாலேயே ஒன்று நியாயத்தின் பக்கம் நிற்கும் என்று நம்புகிற நம்முடைய பழக்கத்துக்கு இந்தச் சின்ன மூலக்கூறு சரியான பாடம்.

அது வேலை செய்யும் விதத்தை விளங்கிக்கொள்ள எனக்குக் கைகொடுத்தது கோட்பாடு இல்லை, இலக்கணம். 'நடு', 'நாடு' என்ற இரண்டு சொற்களை எழுதிப் பாருங்கள். இரண்டிலும் கடைசி எழுத்து 'டு'. வடிவம் ஒன்றேதான். ஆனால் நடுவில் வரும் உகரம் ஒரு மாத்திரை, நாட்டில் வரும் உகரம் அரை மாத்திரை. முன்னால் நிற்கும் எழுத்தைச் சார்ந்து இது குறுகிவிட்டது. தொல்காப்பியர் குற்றியலுகரத்தைச் சார்பெழுத்து என்கிறார். ஏட்டில் எந்தப் பிழையும் கிடையாது, எழுத்து சிதையவில்லை, ஒலிக்கும் அளவு மட்டும் பாதியாகிவிட்டது. நன்னூலார் இன்னும் போய் மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்று அளந்து வைத்தார். மாத்திரை என்ற சொல்லுக்கு நாம் இன்று விழுங்குகிற பொருளும் அளவு என்ற வழியாகத்தான் வந்திருக்கும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவைத் தொடுவதில்லை. மரபணுவிலிருந்து படியெடுத்த தூது ஆர்.என்.ஏ.யின் வால்பகுதியில், புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதி என்று அவர்கள் பெயரிட்டிருக்கும் இடத்தில், ஏழெட்டு எழுத்துப் பொருத்தம் பார்த்து வந்து ஒட்டிக்கொள்ளும். தனியாக வராது, ஆர்கனாட் என்ற புரதத்தின் கைக்குள் உட்கார்ந்தபடி வரும். ஒட்டியதும் அந்தப் பிரதி சீக்கிரம் சிதைகிறது, அல்லது மொழிபெயர்ப்பு தடைப்படுகிறது. முழுசாக நிற்பது அபூர்வம். 2008இல் இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்து பார்த்தபோது, ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. பெரும்பாலான புரதங்களைப் பாதிகூடக் குறைப்பதில்லை என்று தெரிந்தது. ஆனால் ஒன்றே பலநூறு மரபணுக்களைத் தொடும். ஒரு மரபணுவைப் பல சேர்ந்து தொடும். மனிதனின் புரத மரபணுக்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

கொஞ்சம் குறைந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். பிடென் என்ற கட்டி அடக்கும் மரபணுவை எலிகளில் 80 சதவீத அளவுக்கு மட்டும் பேசவிட்டுப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு: அந்த 20 சதவீதக் குறைவுக்கே கட்டிகள் வந்தன, அதிலும் மார்பகத்தில் அதிகம். எழுத்துப் பிழை ஒன்றுகூட வேண்டியதில்லை என்பது இதன் பொருள். மனிதக் கட்டிகள் பலவற்றில் பெருகிக்கிடக்கும் மிர்-21 இந்தப் பிடெனின் வாலில் ஒட்டுகிற ஒன்று என்பது 2007இலேயே தெரியும். அதே 2010இல் இன்னொரு ஆச்சரியம். பிடெனுக்குப் போலி ஒன்று உண்டு, புரதம் தராத செத்த நகல். அது படியெடுக்கப்படும்போது மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஒரு பங்கைத் தன் வாலில் வாங்கிக்கொண்டு அசல் பிடெனைக் காப்பாற்றுகிறதாம். போலி ஏடு அழிந்தால் அசல் ஏடு குன்றும். இடைச்செருகல் என்று நாம் களைந்தெறிந்த பாட்டுகளை நினைத்துக்கொண்டேன், வேறென்ன.

ஆர்பி1க்கும் இது நடக்கிறது. நுரையீரல், மார்பகம், இரைப்பை, பெருங்குடல், கணையம், புராஸ்டேட் என்று ஆறு இடத்துக் கட்டிகளை ஒப்பிட்டு 2006இல் வந்த ஆய்வு, மிர்-106ஏ ஆர்பி1 பிரதியின் வாலில் ஒட்டிக் குறைப்பதைக் காட்டியது.

இனி கருப்பை வாய். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் கிறிஸ்தவ அமைப்பு ஒன்றின் சமுதாய நல மையம் இருக்கிறது. அதன் புற்றுநோய்ப் பதிவேட்டின் துணையோடு 2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்குவது போல 57 தொகுதிகளில் சோதனை, மற்ற 57இல் வழக்கப்படி விட்டுவிடுவது. சோதனை மிக எளிது. பயிற்சி பெற்ற செவிலி கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவுவார். ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரில் இருப்பதுதான். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். கண்ணில் பார்த்த அதே நிறம் இங்கேயும். 31,343 பெண்கள் வந்தார்கள், தகுதியுள்ளவர்களில் சுமார் 64 சதவீதம். வெள்ளைபடுவதைப் பற்றிப் பக்கத்து வீட்டில்கூட வாய்திறக்காத பெண்கள் அத்தனை பேர் வந்ததே என்னைப் பொறுத்தவரை பெரிய செய்தி. 2007இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு, சோதனை நடந்த பக்கத்தில் இந்தப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது என்கிறது.

மற்ற 57 தொகுதிகளில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களை 'கட்டுப்பாட்டுக் குழு' என்று அழைக்க வேண்டும். பிற்பாடு இந்திய மருத்துவ அறவியல் இதழ்களில் இது பெரிய சர்ச்சையானது: மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் மூன்று இடத்திலும் பயனுண்டு என்று ஓரளவு தெரிந்த சோதனையைப் பாதிப் பெண்களுக்குத் தராமல் வைத்திருந்து சாவை எண்ணலாமா? நடத்தியவர்கள் சொன்னது, அங்கே அதற்கு முன்னும் யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை, வழக்கமான கவனிப்பு என்பதே ஒன்றுமில்லாததுதான் என்று. அந்தப் பதில் உண்மை, அதனாலேயே அதை ஏற்க மனம் வரவில்லை. அரசாங்கம் ஒன்றும் தராத இடத்தில் ஒன்றும் தராமல் இருப்பது ஆய்வு முறையாகிவிடுகிறது. ஆனாலும் இன்று செவிலிகளைக் கொண்டு இதைச் செய்யலாம் என்று நாம் பேசுவதற்கு ஆதாரமாக அந்த 30,958 பேரும் இருக்கிறார்கள்.

இந்தப் பெண்களின் நோய்க்கும் குழந்தையின் கண்ணுக்கும் நடுவில் இருப்பது ஆர்பி1தான். கருப்பை வாய்ப் புற்றைக் கொண்டுவருவது பாப்பிலோமா என்ற மனித வைரஸ். 1983, 1984 ஆண்டுகளில் அதன் 16, 18 வகைகளை ஹரால்டு சுர் ஹவுசன் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அந்த வைரஸின் ஈ7 என்ற புரதம் ஆர்பி புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது (1989). ஈ6 பி53ஐச் சிதைக்கிறது (1990). மரபணுவைப் படித்துப் பார்த்தால் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்து, உலகமெங்கும் வளர்த்துவரும் ஹீலா உயிரணுக்களிலும் ஆர்பி1, பி53 இரண்டும் பிழையற்ற பாடமாகத்தான் இருக்கின்றன. இதோடு நிற்பதில்லை. பி53 வேலை செய்யும்போது மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.யைப் பெருகச் செய்யும் என்று 2007இல் பல குழுக்கள் கண்டன. உயிரணு பெருகுவதை நிறுத்த உதவுவது அது. ஈ6 பி53ஐக் கொன்றதும் மிர்-34ஏயும் வற்றிவிடுவது 2009இல் தெரிந்தது. பரம்பரை, இரத்தம், சொந்தம் என்ற வாதத்துக்கு இங்கே நுழையவே வழியில்லை. இருந்தும் ஊர் இவளையும் விடுவதில்லை. கண்ணுக்கு இரத்தத்தைச் சொன்னவர்கள் இதற்கு நடத்தையைச் சொல்கிறார்கள். வைரஸைக் கொண்டுவந்து சேர்த்தவன் பெரும்பாலும் தாலி கட்டியவனாக இருந்தாலும்.

மறுபடியும் 13ஆம் குரோமோசோமுக்கு வரவேண்டும். ஆர்பி1உம் மிர்-15, 16உம் ஒரு மாசி வீதியில் அடுத்தடுத்த வீடுகள் என்றால், அதே ஊரின் வெளிவீதியைத் தாண்டி ஆறு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கின்றன. மிர்-17-92 என்று அந்தத் தொகுதிக்குப் பெயர். இவை கட்டியின் பக்கம் நிற்பவை என்று 2005இலேயே நிணநீர்ப் புற்றில் கண்டிருந்தார்கள். விழித்திரைப் புற்றில் இவற்றின் பங்கு 2011இல் வெளியானது. எலியின் விழித்திரையில் ஆர்பியையும் அதன் பங்காளியான பி107ஐயும் அழித்துவிட்டால், உயிரணு சும்மா இருப்பதில்லை. பி21 என்ற வேறொரு தடையை உயர்த்திக்கொண்டு பெருக்கத்தை நிறுத்தப் பார்க்கிறது. மிர்-17-92 மிகுந்திருந்தால் அந்தப் பி21இன் மாத்திரை குறைக்கப்படுகிறது. அப்போது கட்டி வேகமாக வந்து மூளைக்கும் பரவுகிறது. ஆக, இரண்டு அடி விழுந்த பிறகும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடவில்லை. குறைந்த பட்சம் எலியில்.

இதெல்லாம் தெரிந்த பின் மருந்து ஏன் வரவில்லை என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில், வந்து தோற்றது என்பது. வற்றிப்போன மிர்-34ஏயைச் செயற்கையாகச் செய்து கொழுப்புத் துளிகளில் பொதிந்து நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். 2013இல் தொடங்கிய சோதனை 2016இல் நிறுத்தப்பட்டது. நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கிளர்ந்து, உயிரிழப்புகளும் நேர்ந்துவிட்டன. பலநூறு மரபணுக்களைத் தொடுகிற ஒன்றை உடம்பு முழுக்க ஊற்றுவது என்ன என்பது அப்போது உறைத்திருக்கும். இன்று பல ஆய்வுகள் இவற்றை மருந்தாக்குவதைவிட, இரத்தத்தில் மிதக்கும் இவற்றின் அளவைக் கொண்டு நோயை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்க்கின்றன. பரபரப்பான கட்டுரைகள் நிறைய; ஒரு கூடத்தில் கண்டது இன்னொரு கூடத்தில் நிற்பதில்லை என்ற முனகலும் கூடவே கேட்கிறது.

மதுரையில் ஒரு தாயின் கையில் இன்று வந்து சேர்வது ஆர்பி1 சோதனையின் அறிக்கை மட்டும்தான். அதனால் நிச்சயமான உபயோகம் உண்டு: பிள்ளையின் இரத்தத்தில் பழுது இருந்தால் அடுத்த பிள்ளையைப் பிறந்த உடனே பார்க்கலாம், இல்லையென்றால் மயக்கமருந்து கொடுத்து மாதாமாதம் கண்ணைச் சோதிக்கும் வதையிலிருந்து தம்பி தங்கைகளை விடுவிக்கலாம். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். பழுது உண்டு, இல்லை என்ற இரண்டு விடைகளில் ஒன்று. கட்டியிலேயே ஆர்பி1 பிழையற்று இருந்து, மிக்என் என்ற வேறொரு மரபணு பல படிகளாகப் பெருகியதால் வந்த நோயும் மிகச் சிறுபான்மையாக இருக்கிறது என்று 2013இல் கண்டார்கள். அந்த அறிக்கையை வாங்கிக்கொள்ளும் குடும்பத்துக்கு 'ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கு, அப்பறம் எப்பிடி வந்துச்சு' என்பதே கேள்வியாக இருக்கும்.

அதைத் தமிழில் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. அடக்கி, ஒடுக்கி என்ற சொற்களை விட்டுவிட்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ.யைக் 'குறுக்கி' என்றும், அது செய்வதைக் 'குறுக்கம்' என்றும் சொல்லலாமே என்று ஒரு விலங்கியல் பேராசிரிய நண்பரிடம் கேட்டேன். இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கும் சொல், எழுத்து அழியாமல் அளவு குறைவதை மட்டும் குறிப்பது, யாரையும் போலீஸ்காரனாக்காதது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குறுக்கின்னு எழுதுனா கட்டியச் சுருக்குற மருந்துன்னு நெனச்சு எங்க கெடைக்கும்னு கேட்டு வருவாங்க தம்பி" என்றார். அதற்கு இன்னும் எனக்குப் பதில் அகப்படவில்லை. வாசகர்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதலாம்.